பேக்கேமன்: 6-3 விழுந்தா கியாசா (இழந்துடுவோமோன்னு பயந்து) ஆடுறதா, இப்பவே ஒத்தைக் காயை விடுறதா?

புங்கோல்_பகடை

பேக்கேமன்ல ரெண்டு பகடை போட்டு 15 காயை 24 கட்டம் வழியா வீட்டுக்குள்ள (1-6) கொண்டுவந்து வெளியே எடுக்கணும், ஒத்தைக் காயை எதிராளி வெட்டலாம். ஒரு நிலை தர்றேன், பலகையில அடுக்கிப் பாத்துட்டுச் சொல்லுங்க. கட்ட எண் எல்லாம் என் பக்கத்துக் கணக்கு. என் வீட்டுக் கடைசி மூலை 1, எதிராளி வீட்டு மூலை 24.

என் காய்கள்: 13-ல் 2, 8-ல் 3, 6-ல் 3, 4-ல் 3, 3-ல் 2, 2-ல் 2. அவர் வீட்டுல என் காய் எதுவும் மாட்டிக்கிட்டு இல்லை. பிப் கணக்கு (எல்லாக் காயும் வெளியே போக இன்னும் கடக்க வேண்டிய கட்டங்களின் கூட்டு) 90.

எதிராளி: என் 5-ல் 2 காய் ஆங்கர் (எதிராளி வீட்டுக்குள்ள ரெண்டு காய் சேர்ந்த பிடிமானம்) போட்டு உக்காந்திருக்கு. மிச்சம், அவர் பக்கத்துக் கணக்குல, 8-ல் 3, 6-ல் 4, 5-ல் 2, 4-ல் 2, 3-ல் 2. பிப் கணக்கு 112.

கியூப் (பந்தயத்தை இரட்டிப்பாக்குற கட்டை) 2, அவர் பக்கம். மேட்ச் இல்லை, தனி ஆட்டம்.

எனக்கு 6-3. மூணு வழி தெரியுது (8/2-னா 8-லிருந்து 2-க்கு நகர்த்துறது):

அ) 8/2, 6/3. ஒத்தைக் காயே கிடையாது.
ஆ) 13/4. ஒரு காய் உள்ளே வந்துடும், 13-ல் ஒண்ணு ஒத்தையா நிக்கும்.
இ) 13/7, 13/10. ரெண்டையும் ஒரேயடியா இறக்கிடுறது.

தாயம் ஆடிப் பழகின கைக்கு இங்கதான் குழப்பம். அதுல மலையில ஏறிட்டா எவனும் வெட்ட முடியாது. இங்க மலையே இல்லை, ரெண்டு காய் சேர்ந்தாத்தான் மலை. அதனால கை தானா "அ" பக்கம் போகுது. அது வெறும் கியாசுத்தனமா, இல்லை சரியான ஆட்டமேதானா?

---

ஷாட்_கணக்கு

முதலில் "இ"யைத் தூக்கிப் போட்டுவிடலாம். 10-ல் நிற்கும் காய் அவருக்கு 5 தூரம், 7-ல் நிற்பது 2 தூரம். 5 அல்லது 2 உள்ள உருட்டல் 20. 4-1 சேர்ந்து 5 ஆகும், அது 2. மொத்தம் 22. (1-1 வெட்டாது, நடுவில் உங்கள் 6 அடைத்து நிற்கிறது.) 36-ல் 22 என்பது துணிச்சல் இல்லை, தானம்.

மற்ற இரண்டுக்கும் ஷாட் (வெட்டும் உருட்டல்) எண்ணிக்கை மனப்பாடமாக இருக்க வேண்டும். ரயிலில் லிட்டில் இந்தியாவில் ஏறி புங்கோலில் இறங்குவதற்குள் பாடமாகிவிடும். வழியில் அடைப்பு இல்லை என்றால், 36 உருட்டலில் வெட்டுபவை:

1 தூரம் 11, 2 தூரம் 12, 3 தூரம் 14, 4 தூரம் 15, 5 தூரம் 15, 6 தூரம் 17
7 தூரம் 6, 8 தூரம் 6, 9 தூரம் 5, 10 தூரம் 3, 11 தூரம் 2, 12 தூரம் 3

6-க்கும் 7-க்கும் நடுவில் 17 சடாரென்று 6 ஆகிறது பாருங்கள். ஆறுக்குள் என்றால் ஒரே பகடை போதும், ஆறைத் தாண்டினால் இரண்டும் சேர்ந்து விழ வேண்டும். அதனால் ஆறுக்குள் நிற்பதாக இருந்தால் ஒட்டி நில்லுங்கள், வெளியே என்றால் எட்டிப் போய் நில்லுங்கள்.

"ஆ"-வில் 13-ல் நிற்கும் காய் 8 தூரம். 6-2, 5-3 இரண்டும் சேர்ந்து 4 உருட்டல், 4-4 ஒன்று, 2-2 ஒன்று, ஆக 6. வழியையும் பார்த்தாக வேண்டும்: 5-3-ல் 3-ஐ முதலில் வைத்தால் உங்கள் 8-ல் முட்டும், 5-ஐ முதலில் வைத்தால் 10 வழியாகப் போய்விடும். ஆக ஆறும் உயிரோடு இருக்கின்றன. 6/36, சுமார் 17 சதவீதம்.

"அ"-வில் இந்தச் சுற்றில் ஆபத்து பூஜ்யம். அடுத்த சுற்று? உங்கள் 36 உருட்டலையும் ஒவ்வொன்றாக வைத்துப் பார்த்தேன். கெட்டவை 4-1, 5-1, 6-1, 6-3 மட்டுமே, ஆக 8 உருட்டல். அவற்றிலும் 13-ல் ஒன்றை விட்டு இன்னொன்றை உள்ளே கொண்டுவந்தால் 6 ஷாட்தான். மிச்சம் 28-ம் ஒத்தைக் காய் விடாமல் ஆடலாம். அப்படியானால் அடுத்த சுற்றில் வெட்டுப்பட வாய்ப்பு 8/36 பெருக்கல் 6/36, அதாவது 1296-ல் 48. நாலு சதவீதம்கூட இல்லை.

17-ஆ, 4-ஆ? என் ஓட்டு "அ".

---

வெட்டுக்குத்து

அண்ணே, கணக்குல தப்பே இல்லை. ஆனா பாதி வழியில இறங்கிட்டீங்க. வடகிழக்கு லைன்ல புங்கோல் போறேன்னு ஏறிட்டு சிராங்கூன்ல இறங்கின மாதிரி.

அந்த 28 "நல்ல" உருட்டலையும் பிரிச்சுப் பாருங்க.

6-2, 6-4, 6-5: 8-ல் இருக்கிற ரெண்டையும் எடுத்துத்தான் ஆடணும். 8 போச்சு. (6 உருட்டல்)
5-4, 5-3, 5-2, 4-3, 4-2: 6-ல் இருக்கிற ரெண்டையும் எடுக்கணும் (5-4, 5-2, 4-2-னா அதுக்குப் பதிலா 8-ல் இருக்கிற ரெண்டையும் எடுக்கலாம்). 6-ஓ 8-ஓ போச்சு. (10 உருட்டல்)
1-1, 2-1, 3-1, 3-2: உள்ள இருக்கிற காயை 2-லயும் 1-லயும் கொண்டுபோய்ப் புதைக்கலாம். (7 உருட்டல்)
2-2, 3-3, 4-4, 5-5, 6-6: 13-ல் இருக்கிற ரெண்டும் சேர்ந்தே இறங்கிடும். (5 உருட்டல்)

உங்க பிரச்சினை என்ன? 13-ல் ரெண்டு காய் தனியா நிக்குது. அது தீர்றது எத்தனைல? 36-ல் 5-ல. மிச்ச 23 நல்ல உருட்டல்லயும் 13 அப்படியே நிக்கும், அது வந்து இறங்க வேண்டிய 8-ஐயோ 6-ஐயோ நீங்களே கலைச்சிருப்பீங்க. இல்லைன்னா உள்ள புதைச்சிருப்பீங்க.

"ஆ"-வை இதே மாதிரி பாருங்க. 30 தடவை அவர் தவற விடுவார். அப்ப 13-ல் இருக்கிற அந்த ஒரே காயைப் பத்திரமா இறக்குற உருட்டல் எத்தனை? 5 இருந்தா எல்லாமே (13/8), அது 11. 4-1, 3-2 சேர்ந்தும் 5 தான், 4. 6-1, 4-3 ரெண்டும் 6-க்குக் கொண்டுவரும், 4. 6-3, 6-4 நேரா 4-க்கும் 3-க்கும், 4. அப்புறம் 3-3, 1. கூட்டினா 24. மாட்டுறது 1-1, 2-2, 4-4, 6-6 (8-லயோ 7-லயோ ஒத்தை நிக்கும்), 2-1, 3-1, 4-2, 6-2, ஆக 12 தான்.

ஒரு பக்கம் 36-ல் 5, இன்னொரு பக்கம் 36-ல் 24. கடனை இப்ப கட்டுறதா, வட்டியோட அப்புறம் கட்டுறதாங்கறதுதான் கேள்வி. கட்டாமலே விட்டுடலாம்னு ஒரு வழி இங்க கிடையாது.

இன்னொண்ணு. "அ" ஆடினதும் உங்ககிட்ட 4, 5, 6 வாங்குறதுக்கு உபரிக் காயே இல்லை. 8-லயும் 6-லயும் மூணாவதா ஒண்ணு நின்னுச்சே, அதுதான் பெரிய எண்ணை விழுங்குற காய். அந்த ரெண்டையும் ஒரே உருட்டல்ல செலவழிச்சுட்டீங்க. "ஆ"-வில் ரெண்டும் அப்படியே இருக்கும்.

---

கோப்பி_ஓ_கொசோங்

இருவர் சொன்னதிலும் விடுபட்டது ஒன்று உண்டு: வெட்டுப்பட்டால் எவ்வளவு வலிக்கும்? எத்தனை ஷாட் என்பது பாதிக் கேள்விதான். ஆறு ஷாட்டும் ஆறு ஷாட்டும் ஒன்றில்லை.

வெட்டுப்பட்டுப் பாரில் (பலகையின் நடுச்சட்டத்தில்) உட்கார்ந்த காய் உள்ளே நுழைய முடியாமல் போகும் வாய்ப்பைச் சுலபமாக எண்ணலாம். எதிராளி வீட்டில் அடைபட்ட கட்டங்களின் எண்ணிக்கையை அதே எண்ணால் பெருக்குங்கள். 2 கட்டம் என்றால் 36-ல் 4. 3 என்றால் 9. 4 என்றால் 16. 5 என்றால் 25. நாலிலிருந்து ஐந்துக்குப் போகும்போது 44 சதவீதம் 69 ஆகிறது. ஒரே கட்டம் கூடினால் ஆட்டத்தின் குணமே மாறிவிடுகிறது.

இப்போது அவர் வீட்டில் 6, 5, 4, 3 அடைபட்டிருக்கின்றன. 16/36. அவர் கையில் உபரி எவ்வளவு? 8-ல் 3 காய், 6-ல் கூடுதலாக 2. அவற்றை 2-வது கட்டம் வரை இறக்கினால் 18-ம் 8-ம், 26 பிப். சராசரி உருட்டல் 8 பிப்புக்குச் சற்று மேல். அதாவது மூன்று சுற்றுக்கு அவர் வீட்டைக் கலைக்காமல் காத்திருக்க முடியும். அந்த மூன்று சுற்றில் 2-ம் அடைபட்டு ஐந்து கட்டம் ஆகிவிடுவதே நடக்கக்கூடியது. உங்களுக்கோ "அ" ஆடினால் ஒரு சுற்றுகூடத் தாங்காது. காத்திருக்கும் போட்டியில் முதலில் உடையப்போவது நீங்கள்.

அதனால் நானும் "ஆ". இப்போது வெட்டுப்பட்டால் என்ன ஆகும் என்று கிட்டப் போய்ப் பாருங்கள். 13/4 ஆடியபின் நீங்கள் 81. வெட்டுப்பட்ட காய் 13-லிருந்து 25-க்குப் போகிறது, இழப்பு 12 பிப் மட்டுமே. நீங்கள் 93, அவர் 6-2 போட்டு வெட்டியிருந்தால் 104. வெட்டுப்பட்ட பிறகும் பந்தயத்தில் 11 பிப் முன்னால் நிற்கிறீர்கள்! வெட்டும் ஆறில் 4-4 மட்டும்தான் அவருடைய இரண்டு காயையும் சேர்த்துக் கொண்டுபோகும். மற்ற ஐந்திலும் உங்கள் 5-ல் அவர் காய் ஒன்று ஒத்தையாக நின்றுவிடும். 1-1, 2-1, 3-1, 3-2 விழுந்தால் நீங்கள் நுழைந்த கையோடு 6-லிருந்தோ 8-லிருந்தோ அதைத் திருப்பி வெட்டலாம். 36-ல் 7. பெரிய எண்ணிக்கை இல்லை, ஆனால் சும்மா விட்டுவிடவும் முடியாது. அந்தப் பயத்தில் அவரும் உடனே நிம்மதியாக ஆட முடியாது.

இதே ஆறு ஷாட்டை மூன்று சுற்று கழித்து, ஐந்து கட்டம் அடைபட்ட வீட்டுக்கு முன்னால் விட்டால் விலை வேறு. கியூப் அவர் பக்கம் இருப்பதையும் மறக்க வேண்டாம். வெட்டிய பின் நீங்கள் ஒருமுறை நுழையத் தவறினால் அவர் 4-க்குத் திருப்புவார். ஏற்பதா மறுப்பதா என்பதற்கான அடிப்படைக் கோடு 25 சதவீதம்: மறுத்தால் கியூபில் உள்ளது போகிறது, ஏற்றால் இரட்டிப்பாக வெல்லலாம் அல்லது தோற்கலாம், நாலில் ஒரு ஆட்டம் வென்றால் இரண்டும் சமம். அந்தக் கோட்டுக்குக் கீழே போய்விட்டால் உங்களிடம் மிச்சமிருக்கும் 20 சதவீத வாய்ப்பும் மேசையிலேயே போய்விடும். அதனால் கியூப் எதிராளி கையில் இருக்கும்போது வெட்டின் விலையைக் கொஞ்சம் கூட்டிப் போட்டுத்தான் எண்ண வேண்டும்.

எப்போது "அ" சரி? இரண்டு நிலை சொல்கிறேன். அவருடைய 8-ல் இருக்கும் மூன்று காயும் 6-ல் உபரியாக இருக்கும் இரண்டும் ஏற்கெனவே 1-லும் 2-லும் போய்ப் புதைந்துவிட்டன என்று வையுங்கள். அடுத்த உருட்டலில் அவர் பெரும்பாலும் 6-ஐயோ 5-ஐயோ கலைக்க வேண்டியிருக்கும். அப்போது ஒரு சுற்று சும்மா இருப்பதே லாபம், கடன் தானாகக் குறையும். மற்றது, 8-லும் 6-லும் உங்களுக்கு நாலு நாலு காய் இருந்து, இரண்டு மூன்று உருட்டலை அசையாமல் வாங்க முடிகிற நிலை. உங்கள் நிலை இரண்டும் இல்லை.

மாறாக, அவர் வீட்டில் 6-ம் 4-ம் மட்டும்தான் அடைபட்டிருந்தால் யோசிக்கவே வேண்டாம். 36-ல் 32 தடவை உடனே நுழைந்துவிடுவீர்கள். அங்கே "அ" ஆடுவதுதான் அசல் கியாசு.

---

ஷாட்_கணக்கு

ஒப்புக்கொள்கிறேன். 5-க்கு எதிர் 24 என்பதை நான் எண்ணவே இல்லை. ஒரு சுற்றோடு நிறுத்தியதுதான் பிழை.

வாய்ச் சண்டை வேண்டாம் என்பவர்கள் குனூ பேக்கேமன் மென்பொருளில் நிலையை அடுக்கி "அ", "ஆ" இரண்டையும் ரோல்அவுட் (அதே நிலையிலிருந்து பல முறை ஆட வைத்துச் சராசரி பார்ப்பது) போடுங்கள், இலவசம்தான். ஆட்ட எண்ணிக்கை 1296 வையுங்கள். அது 36 பெருக்கல் 36. முதல் இரண்டு உருட்டலின் எல்லாச் சேர்க்கையும் சமமாக வந்துவிடும் என்பதால் அதிர்ஷ்டத்தின் ஆட்டம் குறையும். அடுக்கும்போது அதிகம் நடக்கும் தவறு, கியூபை நடுவிலேயே விட்டுவிடுவது. அவர் பக்கம் 2 என்று மாற்றாவிட்டால் வேறொரு கேள்விக்குத்தான் விடை வரும்.

---

புங்கோல்_பகடை

ரொம்ப நன்றி. 36-ல் 5-ங்கறதைப் பாத்ததும் தலையில குட்டு வச்ச மாதிரி இருக்கு. கியூப் ஏற்கெனவே திருப்பியாச்சுங்கறதால அதைப் பத்திக் கேக்கலை, ஆனா 90-க்கு 112-னா திருப்பினது சரிதானே?

அப்புறம் ஆரம்பத்துலயே 2-1 விழுந்தா என்ன செய்றது? 13/11, 6/5-ன்னு ஒத்தையைத் துணிஞ்சு 5-ல் வைக்கணும்னு சிலர், 24/23, 13/11 போதும்னு சிலர். இங்கயும் "இப்பவே கட்டு" கதைதானா?

---

கோப்பி_ஓ_கொசோங்

திருப்பியது சரி. வெறும் பந்தயமாக இருந்தால் 12 சதவீதம் முன்னிலை தாண்டினாலே எதிராளி மறுக்க வேண்டும் என்பது பழைய கைக்கணக்கு. உங்களுக்கு 90-க்கு 22, அதாவது 24 சதவீதம். அவர் ஏற்றிருப்பது அந்த ஆங்கரை நம்பித்தான். அதனால்தான் 13-ஐ இறக்குவது இவ்வளவு முக்கியமாகிறது.

ஆட்டத்தோடு சேர்ந்த பேச்சு இல்லை, ஆனாலும் சொல்லி வைக்கிறேன்: கியூபுக்குக் காசு வைத்து ஆடுவதாக இருந்தால் வாய்ட் டெக் (அடுக்குமாடிக் கீழ்த்தளம்) கல்மேசை வேண்டாம். சிங்கப்பூரின் 2022 சூதாட்டக் கட்டுப்பாட்டுச் சட்டம் குடும்பத்தாரும் நண்பர்களும் வீட்டுக்குள் ஆடுவதற்குத்தான் விலக்கு தருகிறது. கல்மேசையில் புள்ளிக்கு ஆடுங்கள்.

---

வெட்டுக்குத்து

2-1 இதுக்குப் பக்கத்துக் கதைதான், ஆனா அதே கதை இல்லை. அங்க நீங்க கடன் கட்டலை, முதல் போடுறீங்க.

5-ல் ஒத்தையா வச்சா அவர் காய் ரெண்டும் உங்க 1-ல் இருக்கு, 4 தூரம். 4 உள்ளது 11, 3-1 ரெண்டு, 2-2, 1-1. மொத்தம் 15. வெட்டுப்பட்டா 20 பிப் போகும், 13-ல் வெட்டுப்படுறதை விடக் கூட. ஆனா அவர் வீட்டுல அப்ப 6 மட்டும்தான் அடைப்பு, நுழையாம போறது 36-ல் 1. விலை அதிகம், வலி குறைவு.

தப்பிச்சா? 5-ஐ மூட 6-லருந்து 1, 8-லருந்து 3, 11-லருந்து 6, 13-லருந்து 8 வேலை செய்யும். மூடாதது 5-5, 5-2, 5-4 மட்டும், 5 உருட்டல். அவர் நடுவுல எதையும் கெடுக்கலைன்னா 31 மூடும். மூடினா உங்க வீட்டுலயே ரொம்ப மதிப்பான கட்டம் கையில.

ஒரு காலத்துல 2-1, 4-1, 5-1 மூணுக்குமே இப்படி 5-ல் வைக்கிறதுதான் பெரிய ஆட்டக்காரங்க பழக்கம். 1990கள் ஆரம்பத்துல ஐபிஎம்-ல ஜெரால்ட் டெசாரோ டிடி-கேமன்னு ஒரு நிரலை எழுதினார். தனக்குத்தானே ஆடிக் கத்துக்கிட்ட நரம்பு வலை. அது 5-ல் வைக்காம 24/23 ஆடுச்சு. மனுஷங்களும் ஆடிப் பாத்து அந்தப் பக்கம் சாஞ்சாங்க. இன்னைக்கு 4-1-க்கு 24/23, 13/9, 5-1-க்கு 24/23, 13/8 தான் பொது வழக்கு. 2-1-ல் மட்டும் ரெண்டும் கிட்டத்தட்ட சமம், அதனால அதுல சண்டை போட்டுத் தூக்கம் கெடுக்காதீங்க லா.

ஒரே ஒரு இடத்துல கவனம். முதல் உருட்டல் அவருடையதா இருந்து, அவர் பின்காயைப் பிரிச்சு உங்க 1-லயும் 2-லயும் ஒவ்வொண்ணா வச்சிருந்தா, உங்க 2-1-க்கு 5-ல் வைக்கிறது நினைப்புலயே இருக்கக் கூடாது. இப்ப 4-ம் வெட்டும் 3-ம் வெட்டும், அது 20. 2-1 ரெண்டு, 1-1, 2-2. முன்னாடி 15-ஆ இருந்த ஷாட் இங்க 24.